ஹாரிசன் போட்ட முதல் கட்டளை

சமத்துவம் பற்றி இணையத்தில் எங்கே வாக்குவாதம் நடந்தாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டின் 'ஹாரிசன் பெர்ஜெரான்' கதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். எல்லோரும் சமம் என்று ஆரம்பித்தால் கடைசியில் இங்கேதான் போய் நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்பது வாதம். 1961-ல் வந்த சின்னக் கதை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனாலும் அதை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் சுருக்கத்தை மட்டும்தான் படித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கதை நடப்பது 2081-ல், அமெரிக்காவில். அரசியல் சட்டத்தில் திருத்தம் மேல் திருத்தம் போட்டு எல்லோரையும் சமமாக்கிவிட்டார்கள். அழகாக இருப்பவர்களுக்கு முகமூடி, நடனமாடுகிறவர்கள் உடம்பில் எடைகள். கதையில் வரும் ஜார்ஜ் என்பவருக்குக் கழுத்தில் 47 பவுண்டு ஈயக் குண்டுப் பை, அதோடு புத்திசாலி வேறு என்பதால் காதில் ஒரு கருவி. சில நொடிகளுக்கு ஒருமுறை அதில் கொடூரமான சத்தம் வரும், எதையும் தொடர்ந்து யோசிக்க முடியாது. (இதைக் கைப்பேசி நோட்டிஃபிகேஷனோடு ஒப்பிடாதவர்களே இல்லை, நான் விட்டுவிடுகிறேன்.) அவருடைய 14 வயது மகன் ஹாரிசன், ஏழடி உயரம், சிறையிலிருந்து தப்பித் தொலைக்காட்சி நிலையத்துக்குள் புகுந்து தன் மேலுள்ள எடைகளையெல்லாம் பிய்த்து எறிகிறான். சமப்படுத்தும் துறையின் தலைவி டயானா மூன் கிளாம்பர்ஸ் துப்பாக்கியோடு வந்து அவனைச் சுட்டுக் கொல்கிறார்.

சரி, இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. நடுவில் ஒன்று நடக்கிறது. உள்ளே வந்த ஹாரிசன் விடுதலை, உரிமை என்றெல்லாம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, நான்தான் பேரரசன், நான் சொல்வதை எல்லோரும் உடனே செய்யவேண்டும் என்று கத்துகிறான். நன்றாக வாசித்தால் இசைக்காரர்களுக்குப் பட்டம் தருவதாகச் சொல்கிறான். தனித்துவத்தின் வீரன் என்று கொண்டாடப்படுகிற பையன் போடும் முதல் கட்டளையே மற்றவர்கள் கீழ்ப்படிய வேண்டும் என்பதுதான்! வானகட் இரண்டு பக்கத்தையும் கிண்டல் செய்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம், அந்தத் துறைத் தலைவி தானும் எடை சுமப்பதாகக் கதையில் ஒரு வரிகூடக் கிடையாது. நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. 1975 முதல் 1979 வரை கம்போடியாவில் க்மெர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி பணத்தை ஒழித்தது, நகரங்களைக் காலி செய்தது, எல்லோரையும் கறுப்பு உடையில் வயலுக்கு அனுப்பியது. மக்கள் பட்டினியில் செத்தார்கள், மேலே இருந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆக, கட்டாயச் சமத்துவம் பற்றிய பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தப் பயத்தை எங்கெல்லாம் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள் என்பதுதான் எரிச்சல். கேசி மார்ட்டின் என்ற கோல்ஃப் வீரருக்குக் காலில் ரத்த ஓட்டக் கோளாறு, நடப்பதே வேதனை. வீரர்கள் நடந்தே போகவேண்டிய போட்டியில் கோல்ஃப் வண்டியில் போக அனுமதி கேட்டார், வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. மாறுபட்டு எழுதிய நீதிபதி ஸ்காலியா இந்தக் கதையைத்தான் இழுத்தார். ஒருவர் வண்டியில் போவதால் இன்னொருவர் கழுத்தில் எந்தப் பை ஏறியது? மற்ற வீரர்கள் எப்போதும்போல நடந்தார்கள், எப்போதும்போல அடித்தார்கள். 2005-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பள்ளிக்கூட நிதி வழக்கு ஒன்றில், வசதியான பகுதிகள் தங்கள் பள்ளிகளுக்குக் கூடுதலாக வரி திரட்டலாம் என்று வாதாடிய தரப்பும் இதே கதையைக் காட்டியது. அப்போது வானகட் உயிரோடுதான் இருந்தார். அந்தக் கதை அறிவையும் திறமையையும் பற்றியது, பணம் இருப்பது இரண்டுக்கும் அத்தாட்சி ஆகாது என்கிற மாதிரி பதில் சொன்னார்.

இன்றைக்கு நம்மை ஒரே மாதிரி ஆக்குவது எது என்று கேட்டால் நான் சமத்துவத்தைச் சொல்லமாட்டேன், போட்டியைத்தான் சொல்வேன். ஆங்கில எழுத்தாளர் எல்.பி. ஹார்ட்லி 1960-ல் எழுதிய நாவலில் பெண்களின் முகங்களை அறுவை சிகிச்சையால் சராசரியாக்க ஒரு மையமே இருக்கிறது. இப்போது ஃபில்டர் போட்ட முகங்கள் எல்லாம் அக்கா தங்கை மாதிரி இருப்பதற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை, லைக் வேண்டும் என்பதுதான் காரணம். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே சொற்களைப் போட்டு ரெஸ்யூமே எழுதுகிறார்கள், ஏனென்றால் மென்பொருள் அந்தச் சொற்களைத் தேடி வடிகட்டுகிறது. ஒரே தேர்வை வைத்து, அதில் முதலில் வருகிறவனுக்கு எல்லாம் உண்டு என்று சொல்லிவிட்டால், வரைகிறவனும் பாடுகிறவனும் கணக்கில் மட்டும் மெதுவாக யோசிக்கிறவனும் அந்தத் தேர்வுக்கேற்ற மாதிரி தங்களைச் செதுக்கிக்கொள்கிறார்கள். இங்கே யாரும் யாரையும் சமமாக்கவில்லை, முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடைவெளி மலை அளவு இருக்கிறது. அந்த வரிசையைக் கொஞ்சம் தளர்த்தலாமே, திறமையை வேறு விதமாகவும் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், தனித்துவத்தைக் காப்பாற்ற உடனே ஓடி வருகிறவர்களும் இந்த வரிசையில் முன்னால் நிற்கிறவர்கள்தான்.