கோபிச் சாலையில் ஒரு சந்தகைக் கடை

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்றாண்டுகள் தங்கியிருந்த நாங்கள் நால்வரும், ஆண்டுக்கு ஒரு முறையாவது எங்கேனும் சேர்ந்து செல்வது என்ற வழக்கப்படி, இந்த முறை கோயம்புத்தூரில் கூடினோம். கொடிவேரி அணையில் குளித்துவிட்டு வருவதுதான் பயணத்தின் நோக்கம் என்று மற்ற மூவரிடமும் சொல்லியிருந்தேன். என் மனத்தில் இருந்த நோக்கம் வேறு. சத்தியமங்கலத்திலிருந்து கோபிச்செட்டிபாளையம் செல்லும் சாலையில், பொழுது சாய்ந்த பிறகு மட்டும் திறக்கும் ஒரு சந்தகைக் கடையைப் பற்றி என் தம்பி இரண்டாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதை முதலிலேயே சொல்லியிருந்தால், ஒரு தட்டுப் பலகாரத்துக்காக இவ்வளவு தூரமா என்று தஞ்சாவூர்த் தோழி கேட்டிருப்பாள். (கேட்கத்தான் செய்தாள், ஆனால் அதற்குள் புளியம்பட்டியைத் தாண்டியிருந்தோம்.)

அன்று வியாழக்கிழமை ஆதலால் புன்செய் புளியம்பட்டியில் மாட்டுச் சந்தை கூடியிருந்தது. மாடுகளை ஏற்றிய வண்டிகளின் பின்னால் ஏறக்குறைய அரை மணி நேரம் ஊர்ந்தோம். சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றைக் கண்ட பிறகு நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. அதுவரை சோளத்தட்டும் காய்ந்த வரப்புமாக இருந்த இரு புறமும், வாழையும் நெல்லுமாகப் பசுமை கட்டுகிறது. 1125ஆம் ஆண்டில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கருக்கு நீர் தருகின்றன என்பதை நான் சொன்னபோது, தோழியர் மூவரும் தண்ணீர் விழும் இரைச்சலில் கேட்காததுபோல் நடித்தனர். அணையைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. ஒரு மணி நேரம் நீர் தலையில் விழுந்தால் எப்படிப் பசிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கடை என்று நான் சொல்வது ஓர் ஓட்டு வீட்டின் முன்புறத் தாழ்வாரம். பெயர்ப்பலகை இல்லை. நான்கு நீள மேசைகள், எட்டு பெஞ்சுகள், ஓரத்தில் இரண்டு விறகடுப்புகள். நாங்கள் ஆறரை மணிக்குச் சேர்ந்தபோது எல்லா பெஞ்சும் நிறைந்திருந்தது மட்டுமன்றி, புளிய மரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டிகளின் மேல் சாய்ந்தபடி இருபது பேருக்கும் குறையாமல் காத்திருந்தார்கள். திருப்பூர் வேலை முடித்துத் திரும்பும் இளைஞர்கள், தூக்குப்போசியுடன் வந்த ஒரு பாட்டி, குழந்தைகளோடு ஒரு குடும்பம். அடுப்படியில் நின்ற அம்மையார் எங்களைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி, சித்த நேரம் பொறுங்க, அடுத்த ஈடு வெந்துக்கிட்டிருக்குதுங்க" என்றார். இக்கடையில் காத்திருப்பது தவிர்க்க முடியாதது. அதன் காரணம் கூட்டம் மட்டுமன்று என்பது சற்று நேரத்தில் விளங்கியது.

எங்களுக்கு முந்திய தட்டு ஒன்று கடந்து போனபோது, "இடியாப்பம்தானே இது?" என்று தஞ்சாவூர்த் தோழி கேட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும். இருந்தாலும் நானும் என் பங்குக்கு விளக்கினேன். இடியாப்பத்துக்கு அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, அச்சில் பிழிந்து, அதன் பிறகு ஆவியில் வேக வைக்கிறோம். சந்தகைக்கு இந்த முறை தலைகீழ். புழுங்கலரிசியை மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, உளுந்து சேர்க்காமல் வெண்ணெய்போல அரைத்து, புளிக்க விடாமல் இட்லியாக ஊற்றி வேகவைத்து, வெந்த இட்லியைச் சூட்டோடு அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். முன்பே வெந்துவிட்டதால் இழைகள் மிருதுவாகவும் தனித்தனியாகவும் நிற்கின்றன. எலுமிச்சையோ தக்காளியோ சேர்த்துத் தாளித்துக் கிளறினாலும் குழைவதில்லை. "எங்கள் வீட்டில் இதைச் சேவை என்போம்" என்று சென்னைத் தோழி சொன்னாள். அது சரிதான், பெயர் வேறு, பண்டம் ஒன்று.

பிழிவதைப் பார்ப்பதற்காகவே அடுப்பின் அருகில் இடம் பிடித்துக்கொண்டேன். மூன்று கால்களில் நிற்கும் இரும்பு அச்சு. நடுவில் பித்தளைக் குழல், குழலின் அடியில் துளைத் தகடு, மேலே மரையாணியில் ஏறி இறங்கும் இரட்டைக் கைப்பிடி. அம்மையார் ஈரத் துணியிலிருந்து இட்லிகளை எடுத்துக் குழலில் இடுகிறார். அவர் கணவர், கால்களில் ஒன்றைத் தம் பாதத்தால் மிதித்துக்கொண்டு, கைப்பிடியைத் திருகுகிறார். கீழே பிடித்த தட்டில் வெள்ளை இழைகள் சுருண்டு விழுகின்றன. குழலில் பாதிக்கு மேல் இறங்கும்போது அவருடைய தோள் எலும்புகள் சட்டையைத் தூக்கிக்கொண்டு தெரிந்தன. ஒரே நேரத்தில் நிறைய அவித்து வைத்துக்கொண்டால் கூட்டத்தைச் சமாளிக்கலாமே என்று கேட்டேன். "ஆறுனா இறுகிப் போயிருமுங்க. அப்புறம் எந்த ஆம்பளையாலயும் திருக முடியாது" என்றார் அவர். ஓர் ஈடு வேக வேண்டும், அது ஆறுவதற்குள் பிழிய வேண்டும், பிழிந்ததும் பரிமாற வேண்டும். நாங்கள் நின்றது அந்தக் கணக்குக்காகத்தான்.

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் சந்தகை பிழியும் நாளில்தான் அப்புச்சி (அம்மாவின் அப்பா) சமையலறைக்குள் காலடி வைப்பார். மற்ற நாளில் தண்ணீர் வேண்டுமென்றாலும் திண்ணையிலிருந்தே குரல் கொடுக்கும் மனிதர், அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அச்சின் முன் நிற்பார். ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தாலும் சரி, நோம்பி (பண்டிகை) என்றாலும் சரி, அமுச்சி இட்லித் தட்டை இறக்கும்போது "ஏனுங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். முதல் தட்டு குழந்தைகளுக்கு. தேங்காய்ப்பால் ஊற்றி நாட்டுச் சர்க்கரை தூவித் தருவார். பெண்கள் உண்ணும் நேரத்தில் அப்புச்சிக்கு வியர்த்திருக்கும், அமுச்சிக்கு இடுப்பு நோகும். பிழிய ஓர் ஆளும் போட ஓர் ஆளும் இல்லாமல் செய்ய முடியாத பலகாரம் என்பதால்தான், இருவரும் வேலைக்குப் போகும் என் வீட்டில் அது நின்றுபோனது என்று நினைக்கிறேன். மளிகைக் கடையில் கிடைக்கும் உலர்ந்த பொட்டலத்தை ஒரு முறை வாங்கி வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏழேகால் மணிக்கு எங்களுக்கு பெஞ்சு கிடைத்தது. வாழை இலையைத் தட்டளவில் நறுக்கி விரித்திருந்தார்கள். முதலில் வெறும் சந்தகை, அதன் பக்கத்தில் ஒரு கரண்டி எள்ளுப்பொடி. வறுத்த எள்ளையும் வெல்லத்தையும் சேர்த்து இடித்த அந்தப் பொடியைச் சூடான இழைகளில் பிசையும்போது எண்ணெய் கசிந்து இலையே பளபளத்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அடுத்து தேங்காய்ப்பால்; நாகர்கோவில் தோழி இதில் கடுமையான நடுவர், தேங்காயோடு பிறந்தவள். பால் முதல் பாலாகவே இருக்கிறது, ஆனால் சர்க்கரை ஒரு படி அதிகம் என்று அவள் தீர்ப்பளித்தாள், நானும் ஒத்துக்கொள்கிறேன். நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வருகிறது என்று பரிமாறிய பெண் பெருமையாகச் சொன்னாள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சர்க்கரை அது. கோவிலில் தித்திப்பதற்கு எல்லை இல்லை, தேங்காய்ப்பாலில் உண்டு.

தாளித்த எலுமிச்சைச் சந்தகையைக் குறை சொல்ல முடியாது என்றாலும், அதற்காக யாரும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. வீட்டில் மிஞ்சியதை மறுநாள் காலையில் தாளிக்கும் பக்குவம் அது. கடையின் பெயரைப் பரப்பியது நாட்டுக்கோழிக் குழம்புதான். மிளகும் கொத்தமல்லியும் தூக்கலாக, தேங்காய் அளவாக, சோற்றுக்குப் பிசைவதைவிட நீர்க்க வைத்திருந்தார்கள். இழைகளுக்கு நடுவே குழம்பு இறங்கும் வரை ஒரு நிமிடம் விட்டுவிட்டுப் பிசையும்படி பக்கத்து இலைக்காரர் தாமாகவே சொல்லித்தந்தார். முக்கால் மணி நேரத்துக்கு முன் எங்கள் தோழியை முறைத்த அதே இளைஞர். அவள் மூன்றாவது தட்டு கேட்டபோது அவர் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது.

கூட்டம் குறைந்த பிறகு அம்மையார் எங்கள் பெஞ்சின் முனையில் வந்து உட்கார்ந்தார். மாமியார் காலத்தில் திருமண வீடுகளுக்குப் பிழிந்து கொடுத்ததில் தொடங்கிய தொழில் என்றார். காலையில் கடை போடாததற்குக் காரணம், பகலில் கணவர் வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் தம் வயலுக்குப் போய்விடுவார், திருக ஆள் இல்லை என்பது. மோட்டாரில் ஓடும் அச்சு வந்திருக்கிறதே என்றதற்கு, வாங்கி ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததாகவும், இழை சீராக விழுந்தாலும் சூடு தாங்காமல் அடிக்கடி நின்றுபோனதாகவும், இப்போது அது வீட்டின் பின்புறத்தில் கோழிகள் அடையும் இடமாக இருப்பதாகவும் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார் வந்து நின்றது. "மாவு தீந்து போச்சுங்க, நாளைக்கு வெள்ளென வாங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கை காட்டினார். மணி எட்டே முக்கால்கூட ஆகவில்லை.

தஞ்சாவூர்த் தோழி தன் அம்மாவுக்கு ஒரு பொட்டலம் கேட்டாள். ஊர் போய்ச் சேர்வதற்குள் கட்டியாகிவிடும் என்று அம்மையார் மறுத்துவிட்டு, எள்ளுப்பொடியை மட்டும் இலையில் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பணம் வாங்கவில்லை. அப்படியானால் அச்சு எங்கே கிடைக்கும் என்று அவள் விடவில்லை. ஈரோட்டுப் பாத்திரக் கடைகளில் கேட்கும்படியும், குழல் பித்தளையாகவே இருக்க வேண்டும் என்றும், வாங்குமுன் மரையில் விரலை வைத்துப் பார்க்கும்படியும் அவர் சொல்லச் சொல்லத் தோழி கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். திரும்பும் வழியில், அச்சு வாங்கினால் அவள் வீட்டில் அதைத் திருகப் போவது யார் என்ற பேச்சு எழுந்தது. கணவருக்கு முதுகுவலி, மகனுக்குப் பன்னிரண்டு வயதுதான் ஆகிறது, மாமனார் சமையலறைப் பக்கம் வர மாட்டார். அன்னூரைக் கடந்த பிறகும் அதற்கு ஆள் அமையவில்லை.