கள்ளந்திரி மதகுக்கு அந்தப் பக்கம்

மதுரையிலேயே பிறந்து வளர்ந்து நாற்பது வயதான பிறகும், வைகையிலிருந்து பெரியாற்றுக் கால்வாய் பிரிகிற பேரணையை நான் பார்த்ததில்லை. வைகையில் தண்ணீர் வந்தால் ஏ.வி. பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பதோடு சரி. மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற மாமாதான் போனில் குத்திக்காட்டினார்: "ஊட்டி, மூணாறுன்னு சுத்துறியே மாப்ள, நம்ம கால்வா எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்திருக்கியா?"

செப்டம்பர் முதல் ஞாயிறு. காலை ஆறு மணிக்கெல்லாம் காளவாசல் தாண்டி மேலக்கால் சாலையைப் பிடித்துவிட்டேன். இடதுபக்கம் நாகமலை நீண்டு படுத்துக்கொண்டு கூடவே வந்தது. சோழவந்தான் நெருங்க நெருங்கக் காற்றே மாறுகிறது. தென்னந்தோப்பு, நெல், நடுநடுவே அகத்தியில் கொடி ஏற்றிய கொடிக்கால்கள். இந்த ஊர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைக்காரரிடம் அதைச் சொன்னால், "அது கெடக்கட்டும், ஒரு கவுளி வெத்தல வேணுமா?" என்கிறார்.

பேரணை பிரம்மாண்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பழைய தடுப்பு, வரிசையாக ஷட்டர்கள், அவ்வளவுதான். ஆனால் அங்கே கால்வாய்க்குள் திரும்புகிற தண்ணீர் வந்த பாதையை யோசித்தால் தலை சுற்றும். மேற்கே கேரளக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய பெரியாற்றை மலைமேல் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை 1895-ல் முடிந்தது. அந்த அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுவிக் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கம் இன்றைக்கும் கும்பிடுவார்கள். சுரங்கம் வழியே இறங்குகிற நீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையில் சேர்ந்து, 1959-ல் திறந்த 71 அடி வைகை அணையில் தங்கி, பிறகுதான் பேரணைக்கு வருகிறது.

இவ்வளவு தூரம் சுற்ற வேண்டிய காரணம் வானத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். நமக்கு மிஞ்சுவது ஆடிக்காற்று. ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை கொஞ்சம், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. எல்லாம் கூட்டினால் வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர். அதை நம்பி ஜூனில் நெல் நட முடியாது. ஜூனில் இங்கே நடுகிற நாற்றுக்குத் தண்ணீர், முல்லைப் பெரியாறு நீர்ப்பிடிப்பில் பெய்த மழை.

திரும்பும்போது கால்வாயை ஒட்டியே போவது என்று முடிவு செய்தேன். வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வழியாகச் சிறுமலை அடிவாரத்தில் அது மேட்டைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. இடதுபக்கம், கால்வாய்க்கு மேலே, மாந்தோப்பும் மானாவாரியும். வலதுபக்கம், கால்வாய்க்குக் கீழே, கதிர் விட்ட நெல். இடையில் இருபது அடி அகலக் கரை. அலங்காநல்லூருக்கு முன்னால் டயர் பஞ்சர். அதில் ஒன்றரை மணி நேரம் போனது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வெயில் மட்டும் நன்றாக இருந்தது.

அப்புறம் நத்தம் சாலையைக் கடந்து கள்ளந்திரி. அழகர்கோவிலுக்கு எத்தனையோ முறை இந்த வழியாகப் போயிருக்கிறேன்; இங்கே இருக்கிற கால்வாய் மதகு ஒரு எல்லைக்கோடு என்று தெரியாது. பையன்கள் மேலிருந்து குதித்து ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேரணையிலிருந்து இதுவரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகம். ஜூன் தொடக்கத்தில் திறந்தால் முதல் போகம், அறுத்துவிட்டு இன்னொன்று. இதற்கு அப்பால் மேலூர் வரை 85,563 ஏக்கர் ஒருபோகம். அதற்குச் செப்டம்பர் 15 வாக்கில், அதுவும் அணையில் இருப்பு இருந்தால். ஒரே கால்வாய், ஒரே தண்ணீர். பரப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உள்ள பக்கம்தான் காத்திருக்கிறது. டீக்கடைப் பெரியவர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு குடுக்கும்போதே கேப்பாக தம்பி, மதகுக்கு மேலயா, கீழயான்னு."

அழகர்மலையைத் தாண்டியதும் அவர் சொன்னது கண்ணில் பட்டது. செம்மண் தரிசு, கண்மாய்க்குள் ஆடுகள், உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். மேலூர்ப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பியதற்கும், கல் குவாரிகளில் வேலை தேடியதற்கும் இந்த ஒருபோகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். குவாரி காசு சிலருக்கு வந்தது. ஆனால் எத்தனை குன்றுகள் பாதி வெட்டுப்பட்டு நிற்கின்றன!

அதனால்தான் அரிட்டாபட்டியில் நுழைந்ததும் வண்டியை மெதுவாக்கினேன். இங்கே மலை முழுசாக இருக்கிறது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள் என்கிறது 2022-ல் இதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரசுக் குறிப்பு. பாறையில் பெய்கிற மழை வழிந்து ஒரு கண்மாய், அது நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் அடுத்தது. பென்னிகுவிக்குக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தைய ஏற்பாடு. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் என்றதும் சுற்றுப்பட்டு ஊர்கள் ஒட்டுமொத்தமாகத் தெருவுக்கு வந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. கால்வாய்த் தண்ணீர் அடுத்தவர் கையில் இருக்கும்போது சொந்தத் தண்ணீரை எவன் விட்டுக்கொடுப்பான்?

மாமா வீட்டுக்குப் போய்ச் சேர மணி நாலு. "சாப்ட்டியா" என்று கேட்பார் என்று பார்த்தேன். "டேம்ல எத்தன அடி போட்டிருக்கான்னு போன்ல பாரு" என்றார். நாற்றங்காலில் போர் தண்ணீரை விட்டு நாற்றுப் பாவியிருக்கிறார். தேதிக்குத் திறந்தால் நடலாம். திறக்கவில்லை என்றால் விதைக் காசு, உழவுக் கூலி எல்லாம் போச்சு.

ஐந்து மணிக்கு வானம் கறுத்து, இடி இடித்து, அரை மணி நேரம் அடித்துப் பெய்தது. திண்ணையில் உட்கார்ந்து சந்தோஷமாக, "நல்ல மழை மாமா" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே கையைக் காட்டினார். "இது புழுதி அடங்கத்தேன் ஆகும். அங்கிட்டுப் பெய்யணும் மாப்ள."