மார்கழியில் வெள்ளரிப் பிஞ்சு

எங்கள் வீட்டுக்காரருக்கு வெள்ளரிப் பிஞ்சு என்றால் உயிர். மாசி பிறந்து மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் கூடை வந்து இறங்கிவிட்டால், ஏறவேண்டிய பஸ்ஸை விட்டாலும் விடுவார், மிளகாய்த்தூள் தடவிய பிஞ்சை விடமாட்டார். அதுவரை யாருக்கும் தொல்லையில்லை. 2022 புரட்டாசியில் செல்போனில் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்துவிட்டார். முழங்கால் அளவு பனிக்கு நடுவே பிளாஸ்டிக் குடில் போட்டு, உள்ளே சாவகாசமாக வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டிருந்தது அந்த மனுஷன்.

"பனியிலயே காய்க்குதாம். நம்ம ஊர்ல மார்கழில காய்க்காதா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிராமலே, "நம்ம ஊர்ல பனியாடா கொட்டுது? தண்ணிதானே கொட்டுது" என்றார்.

மொத்த விவசாயப் பாடமும் அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் சொன்னது அம்மா. சொல்லியிருக்க வேண்டியது யூடியூப்.

எங்கள் பக்கம் வெள்ளரி, தர்பூசணியெல்லாம் தை, மாசியில் விதைத்து வெயிலில் காய்ப்பவை. குளிருக்குப் பயந்து வைத்த பட்டம் இல்லை அது. மன்னார்குடியில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிருக்கெல்லாம் வெள்ளரி சாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் களிமண் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேருக்கு மூச்சு முட்டும், அழுகும். நெல்லுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும் என்பதால்தான் அப்போது ஊர் முழுக்கச் சம்பா நிற்கிறது.

இவர் குடில் போட்டார். 2018 கஜா புயலில் கொல்லைத் தென்னைகள் சாய்ந்ததில் வானம் தெரிகிற ஒரு இடம் கிடைத்திருந்தது. அங்கே மூங்கில் கழிகளை வளைத்து, வெயில் தாங்குகிற 200 மைக்ரான் யூ.வி. பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டினார். ஷீட் என்ன விலை என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வேறு வேறு தொகை வந்ததால் நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். ஐப்பசியில் நாட்டு வெள்ளரி விதை ஊன்றினார், முளைத்தது, தினமும் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

அந்த நவம்பரில்தான் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்களுக்கு அவ்வளவு இல்லையென்றாலும் கொல்லை நிறைந்துவிட்டது. ஷீட் பிரமாதமாக வேலை செய்தது. மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. தண்ணீர் வாய்க்கால் பக்கமிருந்து தரையோடு தரையாக உள்ளே வந்து, ஒரு வாரம் வாடகை கொடுக்காமல் தங்கிவிட்டுப் போனது. அத்தை வாசலில் நின்று எட்டிப்பார்த்து, "கூரை நல்லாருக்குடா" என்றார்.

கார்த்திகை நடுவில் இரண்டாம் பட்டம். இந்தத் தடவை தரையே வேண்டாம் என்று உரச் சாக்குகளில் மண்ணும் மணலும் மக்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, செங்கல் மேல் தூக்கி வைத்தார். அது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. அதோடு நின்றிருக்கலாம். வெள்ளைக்காரர் குடிலுக்குள் ராத்திரியில் சூடு கொடுக்கிறார் என்பது ஞாபகம் வந்து, ஒரு எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டார். அது வெளிச்சம் கொடுத்ததே தவிர சூடு கொடுக்கவில்லை. பழைய குண்டு பல்பு தேடிக் கடை கடையாக அலைந்து, கடைசியில் கோழிக்குஞ்சு வளர்க்கிறவரிடமிருந்து வாங்கி வந்தார்.

கார்த்திகை, மார்கழியில் சம்பா வயலுக்கு நடுவே ராத்திரி முழுக்க விளக்கு எரியவிட்டால் என்ன ஆகும் என்று டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். ஊரே சாயங்காலமானால் வாசல் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும், இல்லையென்றால் குழம்பில் பச்சைப் பூச்சி மிதக்கும். முதல் ராத்திரி அந்தப் பச்சைத் தத்துப்பூச்சி வந்தது. அதைத் தின்னத் தேரை வந்தது, தவளை வந்தது, சாக்குக்குச் சாக்கு ஒன்று உட்கார்ந்து கச்சேரி வைத்தது. இரண்டு நாள் கழித்துத் தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. என்னவென்று பார்க்க டார்ச்சோடு போனவர், போன வேகத்தைவிட நல்ல வேகத்தில் திரும்பி வந்து திண்ணையில் ஏறி நின்றுகொண்டார்.

"சாரை," என்றார் அத்தை, மூங்கிலைச் சுற்றிக்கிடந்ததைப் பார்த்துவிட்டு. "எலி பிடிக்கும், கிடக்கட்டும் விடு."

பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கு மட்டும் ஏக சந்தோஷம். அவர் வயல் எங்கள் கொல்லைக்கு அடுத்தாற்போல். "தம்பி, நான் விளக்குப்பொறி வைக்கணும்னு நெனச்சேன், நீ வெச்சுட்ட. என் பூச்சி பூராவும் உன்கிட்டதான் இருக்கு. மாசி வரைக்கும் பல்பை அணைச்சுடாத" என்றார். நாங்கள் அன்றைக்கே அணைத்தோம். பல்பு இல்லாமலும் செடி ஜம்மென்று வளர்ந்தது. அப்படியானால் அது எதற்காகத் தொங்கியது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்கழி பாதிக்கு மேல் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. வெள்ளரியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி; பெண் பூவின் அடியில் பூனைமீசை மாதிரி முள்ளோடு குட்டிப் பிஞ்சு இருக்கும். பகல் சிறுத்துக் குளிர்ச்சியாக இருக்கிற நாட்களில் பெண் பூ கூடுதலாக வரும். இந்த ஒரு விஷயத்தில் மார்கழி இவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன. நாலு பக்கமும் ஷீட்டை இழுத்துக் கட்டி வைத்திருந்தால் தேனீ எந்த வழியாக வரும்? தேனீயே இல்லாமல் காய்க்கிற குடில் ரகங்கள் தனியாக விற்கிறார்கள். இவர் ஊன்றியது பஸ் ஸ்டாண்டு கூடைக்காரம்மா விற்கிற அதே நாட்டு வெள்ளரி ரகம்.

சரி, தேனீ வேலையையும் தானே பார்ப்பதென்று பையனின் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி பாட, மப்ளர் கட்டி, குடிலுக்குள் குத்துக்காலிட்டு, ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் ஷீட்டுக்குள் ஒரு நிழல் அசையாமல் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரியும். வாக்கிங் போகிற ரிட்டயர்டு வாத்தியார் என்னிடம் தாழ்ந்த குரலில், "சார் விரதமா?" என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பூ சாஸ்திரம் படித்ததிலிருந்து இவருக்கும் அத்தைக்கும் தகராறு ஆரம்பித்தது. எங்கள் குப்பைமேட்டில் யாரும் விதைக்காமல் ஆடி மழைக்கு முளைத்த பரங்கிக்கொடி ஒன்று வைக்கோல் போர் மேல் ஏறிப் படர்ந்திருந்தது. மார்கழி முழுக்க அதன் பூவைப் பறித்துத்தான் அத்தை கோலத்தில் சாணி உருண்டை மேல் வைப்பார்.

"அம்மா, நீ பறிக்கிறது எல்லாம் ஆண் பூ. அதைப் பறிச்சுட்டா காய் எப்படிப் பிடிக்கும்?"

"பிஞ்சு உள்ள பூவையா பறிக்கச் சொல்ற? ரெண்டு மூணு விட்டுட்டுத்தான் பறிக்கிறேன். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இதையேதான் பறிக்கிறேன், ஒரு பொங்கலுக்காவது பரங்கிக்காய் கடையில வாங்கிருக்கோமா?"

வாங்கியதில்லை. அந்தப் பொங்கலுக்கும் பரங்கி தாம்பாளம் அகலத்துக்குக் காய்த்திருந்தது. பிரஷ் சாகுபடியில் தேறியது ஒன்றே ஒன்று. மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தால் காய் கோணிக்கொள்ளும். இது கோணி, சுருண்டு, கேள்விக்குறியாக நின்றது. அதைப் பெருமையாகப் படையலில் வைத்தார். "சூரியனே குழம்பிடப்போறாரு" என்றார் அத்தை, ஆனால் எடுக்கவில்லை.

அப்புறம் தை மூன்றாம் வாரம், 2023 பிப்ரவரி தொடக்கத்தில், அறுவடைக்கு நிற்கிற சம்பா மேல் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கும் பட்டம் தவறும்போலிருக்கிறது. டெல்டா முழுக்க நெல் சாய்ந்தது. என் தம்பி அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி வைத்திருந்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். ஊரில் தார்ப்பாய் ஒன்றும் வாடகைக்குக் கிடைக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குச் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான்.

"மச்சான், அந்த ஷீட்டு..."

இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு போய்க் கயிறுகளை அறுத்து, ஷீட்டைச் சுருட்டி, தானே அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போனார். இந்த மனுஷனை இதற்காகத்தான் நான் சகித்துக்கொள்கிறேன்.

மழை விட்டு வெயில் வந்தது. மொட்டைக் கழிகளுக்கு நடுவே நின்ற வெள்ளரிக்கொடியில் மொய் மொய்யென்று தேனீ. மாசி பிறந்ததும் காய்த்தது பாருங்கள், பறித்து மாளவில்லை! வாத்தியார் வீட்டுக்கு, சித்தப்பா வீட்டுக்கு, பையன் பள்ளிக்கூடத்துக்கு என்று கொடுத்தனுப்பினோம். அந்த வாரமே பஸ் ஸ்டாண்டிலும் கூடை வந்து இறங்கிவிட்டது. அங்கேயும் ஒன்று வாங்கித் தின்றுபார்த்து, "நம்முளதுதான் ருசி" என்றார் இவர். இரண்டும் ஒரே ருசிதான்.

ஷீட் இன்னும் தம்பி வீட்டில் இருக்கிறது. கேட்டால், "குறுவை அறுப்பு முடியட்டும் மச்சான்" என்கிறான். ஒரு பை நிறையப் பிஞ்சு கொடுத்தனுப்பியும் இவர் கேட்டுப்பார்த்தார். பையையும் திருப்பித் தரவில்லை.