வலது கைதான் வில்லங்கம்
போசா நோவா என்கிற பிரேசில் இசையைக் கிட்டாரில் வாசிக்க, கார்டுகள்தான் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) கஷ்டம் என்று பலர் பயமுறுத்துவார்கள், மேஜர் செவன்த், நைன்த் என்று பெயரைக் கேட்டாலே தலை சுற்றும்தான், ஆனால் இடது கை எப்படியோ பழகிவிடும். உண்மையான வேலை வலது கைக்கு. பிரேசிலின் நடன இசையான சம்பாவில் சுர்டோ என்கிற பெரிய முரசு போடும் சீரான அடியைக் கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே நேரம் மற்ற மூன்று விரல்களும் டாம்போரிம் என்கிற சின்னக் கைமுரசை வாசிப்பது மாதிரி, தாளத்துக்குக் கொஞ்சம் முந்தியே கார்டைச் சேர்த்து மீட்ட வேண்டும். பிக் (கம்பி மீட்டும் சின்னத் தகடு) வேண்டாம், நைலான் கம்பி போதும்.

1950களின் கடைசியில் ரியோவில் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோவா ஜில்பெர்டோ இதைத்தான் செய்தார், ஒரு சம்பா கூட்டத்தையே ஒற்றை கிட்டாருக்குள் அடக்கினார். அப்புறம் அதன் மேல் முணுமுணுப்பாகப் பாடவும் வேறு செய்வார், பாட்டு தாளத்தைவிட்டு நழுவிக்கொண்டே போகும், கை மட்டும் அசராது! நான் இப்போதைக்குப் பாடுவதில்லை, வாயைத் திறந்தால் கட்டைவிரல் நின்றுவிடுகிறது.