பொலோஞாவின் நண்பகல் கோடு

இத்தாலிக்குச் சுற்றுலா போகிற நம்மவர்களில் பெரும்பாலோர் பொலோஞாவில் இறங்குவது ரயில் மாறுவதற்காகத்தான். நான் அங்கே மூன்று நாள் தங்கினேன். தம்பி மகள் அங்கே முதுகலை படிக்கிறாள் என்பது வீட்டில் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. அந்த ஊர்ப் பேராலயத்தின் தரையில் பதித்திருக்கும் ஒரு பித்தளைக் கோட்டின் மேல், பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதத்துச் சம இரவு நாளின் நண்பகலில், வெயில் விழுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று பல வருடங்களாக ஆசைப்பட்டு, ஒவ்வொரு முறையும் விடுப்புக் கணக்கைப் பார்த்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

மார்ச் 20 அன்று காலையிலேயே இருவரும் மஜ்ஜோரே சதுக்கத்துக்குப் போய்விட்டோம். சான் பெத்ரோனியோ பேராலயத்தின் முகப்பு, கீழ்ப்பாதி சலவைக்கல்லும் மேல்பாதி வெறும் செங்கல்லுமாக, பணம் தீர்ந்ததால் பூச்சுவேலை நின்றுபோன வீட்டைப்போல இருக்கிறது. 1390இல் கட்டத் தொடங்கிய கோயிலின் முகப்புவேலை இன்றுவரை முடியவில்லை. உள்ளே நுழைந்தால் 132 மீட்டர் நீளத்துக்கு மண்டபம் விரிகிறது. இடப்பக்கச் சிறகில், வாசலருகே தொடங்கி, தூண்களின் அடிப்பீடங்களை உரசாத குறையாகத் தாண்டிச் சற்றுச் சாய்வாகத் தெற்கு நோக்கி ஓடுகிறது அந்தக் கோடு. நீளம் ஏறக்குறைய 67 மீட்டர். மேலே, தரையிலிருந்து 27 மீட்டர் உயரத்தில், விதானத்தில் ஒரு சிறு துளை. அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், அதாவது உயரத்தில் சரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் அந்தத் துளை வழியே இறங்கும் ஒளிவட்டம் கோட்டின் மேல் ஓரிடத்தில் விழும். கோடையில் துளைக்கு அருகே, ஒன்றே கால் சாண் அகலத்துக்குச் சின்ன வட்டமாக விழும். மார்கழியில் வாசலருகே, ஒன்றரை மீட்டருக்கும் மேலான நீள்வட்டமாக நீண்டு கிடக்கும்.

அன்று எதுவும் விழவில்லை. வானம் முழுக்கச் சாம்பல் நிற மேகம். பன்னிரண்டேகாலில் இருந்து முக்கால் மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களுக்குப் பத்தடி தள்ளி ஒரு மூதாட்டி முழந்தாளிட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் கோட்டைப் பார்க்கவில்லை. நான் பலிபீடத்தைப் பார்க்கவில்லை. "அவங்க வந்த வேலையாவது நடந்தது, பெரியப்பா" என்றாள் தம்பி மகள்.

கோயிலுக்குள் ஓர் ஆய்வுக்கருவி எப்படி வந்தது என்று கேட்டால், விடை ஈஸ்டர் பண்டிகையில் இருக்கிறது. இளவேனில் சம இரவு நாளாகத் திருச்சபை கொண்ட மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு என்பது ஈஸ்டரின் கணக்கு. சூரியன், சந்திரன், வாரம் மூன்றையும் ஒரு முடிச்சில் கட்டிய பண்டிகை அது. ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு உண்மையான ஆண்டைவிடப் பதினொரு நிமிடம் நீளம் என்பதால், 128 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற வீதத்தில் பிழை சேர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் பத்து நாளாகிவிட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் அந்தப் பத்து நாளையும் வெட்டி எறிந்தார். அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி ஆனது. அவர் பொலோஞாக்காரர். சதுக்கத்திலுள்ள நகர மன்ற மாளிகையின் வாசலுக்கு மேலே அவருடைய வெண்கலச் சிலை அமர்ந்திருக்கிறது. மழை வரும்போல் இருந்த அந்த மாலையில் அதன் கீழே நின்றுதான் நாங்கள் காப்பி குடித்தோம்.

இதைப் படிக்கும் தமிழருக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. எங்கள் வீட்டில் அப்பா பாம்புப் பஞ்சாங்கத்தைத்தான் ஆணியில் மாட்டுவார். மாமா வீட்டில் திருக்கணிதம். முன்னோர் வாக்கியங்களில் கட்டிவைத்த எண்களைக் கொண்டு கணிப்பது ஒன்று. வானத்தில் கிரகம் இன்று நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகும்படி திருத்திக் கணிப்பது மற்றது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று நடந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி 2026இல்தான் என்று திருநள்ளாறு கோயில் அறிவிக்க வேண்டியிருந்ததே, அதே வகைச் சங்கடம்தான். நாம் இரண்டு பஞ்சாங்கங்களையும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம். ஒரே தலைமை, ஒரே தேதி என்று நின்ற திருச்சபைக்கு அந்த வசதி இல்லை. அதனால் சம இரவு நாளைத் துல்லியமாக அளந்தே தீர வேண்டியிருந்தது. அளக்க இருட்டான, உயரமான, அசையாத ஒரு கட்டடம் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கட்டடம் கோயிலைத் தவிர வேறென்ன இருந்திருக்க முடியும்?

முதலில் 1576இல் இஞ்ஞாசியோ தாந்தி என்ற தொமினிக்கன் துறவி இங்கே ஒரு கோடு போட்டார். அது சரியான வடக்கு தெற்காக அமையவில்லை. பின்னர் கோயிலை விரிவாக்கியபோது அவருடைய துளை இருந்த சுவரும் போய்விட்டது. 1655இல், முப்பதே வயதான வானியல் பேராசிரியர் ஜொவான்னி தொமெனிகோ காசினி, கோயில் திருப்பணிக் குழுவினரைச் சம்மதிக்க வைத்து, தூண்களுக்கு நடுவே இடிபடாமல் புதிய கோட்டைப் போட்டார். பிற்காலத்தில் சனிக்கோளின் நான்கு நிலவுகளைக் கண்டுபிடித்தவரும், 2017 வரை சனியைச் சுற்றிய விண்கலத்துக்குப் பெயர் கொடுத்தவரும் இவரே.

மறுநாள் மார்ச் 21 அன்று வெயில் அடித்தது. பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கே கோட்டின் மேற்குப் பக்கத் தரையில், சலவைக்கல்லின் சிவப்பையும் வெள்ளையையும் நனைத்ததுபோல, ஒரு மங்கலான முட்டை வடிவ வெளிச்சம் கிடந்தது. அரை மீட்டர் நீளம் இருக்கும். விளிம்பு கூர்மையாக இல்லை. தண்ணீருக்குள் தெரியும் நாணயத்தைப்போல நடுங்கியது. அது சூரியனின் பிம்பமே என்பதை உணரச் சிறிது நேரம் ஆனது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விளிம்பு இருந்த இடத்தில் ஒரு ஐம்பது சென்ட் நாணயத்தை வைத்தேன். நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் வெளிச்சம் நாணயத்தின் மேல் ஏறத் தொடங்கியது. பத்து நொடிக்குள் நாணயம் முழுவதும் பளபளத்தது. நொடிக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். எதன் நகர்வு அது என்பதற்காகத்தான் ஒரு காலத்தில் மனிதர்களை மண்டியிட வைத்தார்கள் என்ற நினைவு அப்போது வராமல் இருக்கவில்லை. பன்னிரண்டு இருபதை ஒட்டி அதன் கிழக்கு விளிம்பு பித்தளையைத் தொட்டது. இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முழுப் பிம்பமும் கோட்டைக் கடந்து போய்விட்டது.

அது கடந்த இடத்துக்கு அருகில், கல்லில் மேஷ ராசியின் குறி வெட்டப்பட்டிருக்கிறது. "நமக்கு மேஷம் சித்திரை ஒண்ணாம் தேதிதானே, பெரியப்பா?" என்று கேட்டாள் தம்பி மகள். நல்ல கேள்வி. சம இரவுப் புள்ளி 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விண்மீன்களிடையே பின்னோக்கி நகர்கிறது. ஐரோப்பியர் ராசியை அந்தப் புள்ளியோடு சேர்த்து நகர்த்துகிறார்கள். நம் பஞ்சாங்கம் ராசியை விண்மீன்களோடு நிறுத்திவைக்கிறது. இடைவெளி இன்று ஏறத்தாழ 24 பாகை. சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதால்தான் நம் மேஷம் 24 நாள் தள்ளி வருகிறது. மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு சம இரவு நாளை ஒட்டி ஒரு தேசிய நாட்காட்டியைப் பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22 முதல் அது நடைமுறைக்கும் வந்தது. அதன்படி, நாங்கள் அங்கே நின்றதற்கு மறுநாள் பாரதத்தின் புத்தாண்டு. யாருக்காவது வாழ்த்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இந்தக் கோட்டைப் பற்றிய என் ஆசைக்குக் காரணம் ஈஸ்டர் அல்ல, இனிச் சொல்லப்போவதுதான். மார்ச் சம இரவிலிருந்து செப்டம்பர் சம இரவு வரை 186 நாள். அங்கிருந்து திரும்ப மார்ச் வரை 179 நாள்தான். கோடை அரையாண்டில் சூரியன் மெதுவாக நகர்வதுபோல் தோன்றுகிறது. பழைய கொள்கையின்படி அதன் வேகம் மாறுவதே இல்லை. தொலைவில் இருப்பதால் மட்டுமே மெதுவாகத் தெரிகிறது. கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட வானியலாளர் கெப்ளரின் கொள்கையிலோ தோற்றத்தில் பாதிதான் தொலைவால் வருவது, மறுபாதி உண்மையான வேக மாற்றம். எது சரி என்று தீர்க்க வேண்டுமானால் சூரியனின் தோற்ற அளவு ஆண்டுக்குள் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று பார்த்தால் போதும். பழைய கொள்கைப்படி அந்த வேறுபாடு, கெப்ளர் சொல்லும் அளவுக்கு இரு மடங்காக இருக்க வேண்டும். அக்காலத் தொலைநோக்கிகள் தடுமாறிய அந்த நுண்ணிய அளவை, 27 மீட்டர் உயரக் கோயில் எளிதாகக் காட்டியது. தரையில் விழும் பிம்பத்தை ஆண்டு முழுவதும் அளந்து கணக்கிட்ட காசினிக்கு, கெப்ளர் சொன்ன பாதி அளவே கிடைத்தது.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு இது நிரூபணம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூரியனே சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டாலும் இதே அளவுகள்தான் வரும். இருந்தாலும், கலிலேயோ ரோமில் மண்டியிட்டுத் தம் கருத்தைத் துறப்பதாக வாசித்தது 1633 ஜூன் 22. அடுத்த இருபத்திரண்டாவது கோடையில், திருத்தந்தையின் ஆட்சிக்கு உட்பட்ட ஊரில், கோயில் செலவில், கெப்ளரின் கணக்குக்கு ஆதாரம் தேடும் கருவி தயாராகிவிட்டது. அதே பொலோஞாவில் இருந்த இயேசு சபைத் துறவி ரிச்சோலி, பூமி நகரவில்லை என்பதை 1651இல் பெரிய நூல் எழுதி வாதிட்டவர். அதே நூலில் நிலவின் பள்ளங்களுக்குப் பெயர் வைக்கும்போது ஒரு பெரிய பள்ளத்துக்குக் கோப்பர்னிக்கஸ் என்று பெயரிட்டார். ஆம்ஸ்ட்ராங் இறங்கிய அமைதிக் கடலும் அவர் வைத்த பெயரே. மதமும் அறிவியலும் எந்நாளும் பகை என்று மேடையில் பேசுகிறவர்களுக்கும், இரண்டும் ஒன்றே என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கும் ரிச்சோலி பயன்பட மாட்டார். எனக்கோ அவரைப்போன்றவர்களைப் பிடித்திருக்கிறது. திருச்சபை கேட்டது ஒரு பண்டிகைத் தேதியை மட்டும்தான். அதற்காகக் கூரையில் போட்ட துளை கேட்காத கேள்விக்கும் விடை கொண்டுவந்து கொட்டியது. அந்தத் துளையை அவர்கள் அடைக்கவில்லை. 1695இல் காசினியே திரும்பி வந்து கோட்டைச் சரிபார்த்தார். 1776இல் இரும்புக்குப் பதிலாகப் பித்தளை பதித்தார்கள்.

கிளம்பும் முன் தம்பி மகள், "நாளைக்கு எங்க விழும்?" என்று கேட்டாள். சம இரவை ஒட்டிய நாட்களில் பிம்பம் ஒரே நாளில் 37 சென்டிமீட்டர் நகரும். கிரகோரி வெட்டிய பத்து நாளும் இந்தத் தரையில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். என் செருப்புக் காலைக் கோட்டின் மேல் வைத்து, தெற்குப் பக்கமாக ஒன்றேகால் அடி தள்ளி, பித்தளையில் ஒரு கீறலைக் காட்டினேன். அவள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ரயில் ஃபிளாரன்ஸை நெருங்கும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. வகுப்புக்கு நடுவே கோயிலுக்கு ஓடிப்போய் நின்றிருக்கிறாள். "மேகம், பெரியப்பா. ஆனா அங்கதான் விழுந்திருக்கும்."