நான் பாத்துக்குறேன்

"நான் பாத்துக்குறேன்க்கா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றுதான் சொன்னேன். சொல்லும்போது அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் கைக்குட்டையில் சுற்றியிருந்த அந்தப் பொருளை மேசையிலிருந்து எடுத்துத் திரும்பவும் கைப்பைக்குள் வைத்தார். "உங்கள நம்பித்தான் டீச்சர் வந்தேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

2025, சிங்கப்பூரில் செப்டம்பர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். அவர் மகன் உயர்நிலை மூன்று. உயர்நிலை ஒன்றிலிருந்தே என்னிடம்தான் தமிழ் படிக்கிறான். வகுப்பாசிரியரிடம் ஆங்கிலத்தில் திணறும் அம்மாக்கள் தமிழாசிரியரிடம் வந்தால்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். கணக்குப் பாடத்தில் தொடங்கி, கணவரின் வேலை, வீட்டுக் கடன் வரைக்கும் வரும். அந்த நம்பிக்கையை நான் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

மகனின் பள்ளிப்பையில் அதைப் பார்த்தவர் முதலில் தம்ப்டிரைவ் என்று நினைத்தாராம். மாம்பழ வாசனை அடித்த பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. "வெறும் வேப்தானே டீச்சர்? சிகரெட்டுக்கு இது பரவாயில்லன்னு சொல்றாங்களே?"

எனக்கு அங்கேதான் பயம் வந்தது. அது வெறும் மின்சிகரெட்டா, போதை மருந்து கலந்த 'கே-போட்' என்கிற வகையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மருத்துவமனையில் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவதற்குக் கொடுக்கும் எட்டோமிடேட் மருந்தை உள்ளே இருக்கும் திரவத்தில் கலந்து விற்கிறார்கள். பிடிபட்ட மின்சிகரெட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் அது இருந்தது என்று அந்த ஜூலையில்தான் செய்தி வந்திருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் சட்டப்படி 'சி' பிரிவு போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டிருந்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. பையனுக்கும் சரியாகத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பள்ளி மண்டபத்தில் போதைப்பொருள் தடுப்பு உரை நடக்காமல் இல்லை. ஆனால் ஹெராயின், ஊசி, தூக்குத் தண்டனை என்று கேட்கும் பிள்ளை அதெல்லாம் வேறு யாருக்கோ என்றுதான் நினைக்கிறது. மாம்பழ வாசனையோடு அதை முடிச்சுப்போட அதற்குத் தோன்றுவதில்லை. அந்த உரைகள் நடக்கும்போது நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கட்டுரை திருத்தியிருக்கிறேன்.

"பள்ளிக்கூடத்துல சொல்ல மாட்டீங்கதானே? பிரம்படி குடுப்பாங்களாம். அடுத்த வருஷம் ஓ லெவல் பரீட்சை வேற."

இதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன். சொல்வேன் என்றும் சொல்லவில்லை, சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் ஆலோசகரின் அறைக் கதவைத் தட்டினேன்.

சொல்லத்தான் வேண்டும். ஆசிரியராக எனக்கு வேறு வழி இல்லை. அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டால் மட்டும் அவன் நிறுத்திவிடுவானா? டெலிகிராமில் இன்னொன்று வாங்குவான். அதை இழுத்துவிட்டு எங்காவது ரயில் மேடையில் நினைவில்லாமல் விழுந்திருந்தால், தெரிந்தும் சும்மா இருந்தவள் நான்தானே? இப்படி யோசிக்கும்போது மனம் கொஞ்சம் சமாதானமாகிறது.

அப்புறம் இன்னொன்று வந்து நிற்கிறது. மின்சிகரெட்டை விட உதவும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்வேப் திட்டத்தில் தாமாக முன்வந்து சேருபவர்களுக்குத் தண்டனை கிடையாது, குற்றப் பதிவும் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும். "நான் சொல்லியே ஆகணும்க்கா. ஆனா இப்பவே போன் போட்டு அவனைச் சேத்துவிடுங்க, நான் கூட இருக்கேன்" என்று அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். எதிரில் ஒருவர் அழும்போது, சொல்வேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் இரண்டாவது வாக்கியமும் வாயில் வரவில்லை. அவர் உண்மையிலேயே போன் போட்டிருப்பாரா, இல்லை குப்பையில் எறிந்துவிட்டு மகனை நாலு அடி அடித்து முடித்திருப்பாரா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நான்தான் எடுத்துவிட்டேன்.

பள்ளி பெற்றோரை அழைத்தது. பொருள் அதிகாரிகள் கைக்குப் போனது. 500 வெள்ளி அபராதம், ஆலோசனை அமர்வுகள். உள்ளே இருந்தது என்ன என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. அந்த அம்மா ஒரே ஒரு முறை போன் செய்தார்.

"பாத்துக்குறேன்னு சொன்னீங்களே டீச்சர்."

"பாத்துக்கிட்டதாலதான்க்கா..." என்று தொடங்கினேன். மறுமுனையில் ஆள் இல்லை.

வருடம் தவறாமல் வரும் அவருடைய தீபாவளி வாழ்த்து அந்த அக்டோபரில் வரவில்லை. பையன் இப்போது வகுப்பில் தூங்குவதில்லை. முன்பெல்லாம் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவான்; இரவெல்லாம் போனில் விளையாடியிருப்பான் என்று நான் விட்டுவிடுவேன். இப்போது நிமிர்ந்து உட்காருகிறான், கேட்டால் பதில் சொல்கிறான், என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவன் தேறியிருந்தால் அது ஆலோசகரால் இருக்கலாம், அவன் அம்மாவால் இருக்கலாம். என்னால் என்று சொல்லிக்கொள்ள நாக்கு வரவில்லை.

இனிமேல் முதலிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். போன மாதம் இன்னொரு அம்மா இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார், மகளைப் பற்றி. குரல் நடுங்கியது. அவர் தொடங்கும் முன்பே, "அக்கா, நீங்க சொல்றதை நான் பள்ளியில சொல்ல வேண்டி வரலாம். ஆனா என்னன்னாலும் நான் கூட இருப்பேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுமில்ல டீச்சர். சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.