எண்ணும் பேச்சும் ஒரே தாளில்

கொழும்பு மட்டக்குளியில் எடுத்த சுகாதாரக் கணிப்பீட்டை முதலில் இரண்டு அறிக்கைகளாகப் பிரித்திருந்தேன்: வினாக்கொத்தின் எண்கள் ஒன்றில், கலந்துரையாடலில் மக்கள் சொன்னவை மற்றொன்றில். முதலாவதை எல்லோரும் புரட்டினார்கள். இரண்டாவதை ஒருவரும் திறக்கவில்லை என்பது என்னை மிகவும் வருத்தியது.

டெங்கை எடுத்துக்கொள்வோம். பரிசோதித்த 100 வீடுகளுக்கு நுளம்புக் குடம்பிகள் காணப்பட்ட கொள்கலன்கள் எத்தனை என்பதைப் பிரெட்டோ சுட்டெண் சொல்லும். அவற்றில் தண்ணீர் ஏன் நின்றது என்பதைச் சொல்லாது. "பைப்பில ராவைக்குத்தான் தண்ணி வரும் தம்பி, வாளியில புடிச்சு வைக்காம என்ன செய்யிற?" என்று ஒரு தாய் கேட்டது அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஆகவே இப்போது ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே வரிசையில் எண்ணையும், மக்களின் கூற்றையும், இரண்டும் ஒத்துப்போகின்றனவா முரண்படுகின்றனவா என்ற என் குறிப்பையும் வைக்கிறேன். அந்தக் குறிப்புக்கே அதிக நேரம் செல்கிறது. முரண்பாட்டை மழுப்பிவிடத் தோன்றினாலும், மறுபடி போய்க் கேட்க வேண்டிய இடத்தைக் காட்டுவது அதுதான். சில குடும்பங்களே வாழும் சிறிய தோட்டக் குடியிருப்பில் பெயரை நீக்கினாலும் வயதும் தொழிலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அவற்றைப் பரந்த வகைகளாகவே இடுகிறேன். சிங்களத்தில் பேசியவர்களின் கூற்றை மூலவாசகத்தோடு சேர்த்தே பதிகிறேன்.